உள்ளேன்

பலதியாவின் மூன்றாம் மாடிக்கு
கல்ஃபான் உஸ்தாத் முதீராக வந்த முதல் காலை
கோப்பு கேட்கவில்லை, கஹ்வா கேட்கவில்லை,
வருகைப் பதிவேடு கேட்டார்.

இன்ஜினியர் முதல்
கொசுமருந்து அடிக்கும் ஹாரூன் வரை
வரிசையில் நின்றோம்.
இருபத்தாறு வருஷம் பூகோளம் நடத்திய குரல்
எல்லாப் பெயர்களையும் கடந்து வந்து
என் பெயரில் தடுக்கி விழுந்தது.
எழில்வேந்தன்.
பன்னிரண்டு வருஷமாய் இங்கே நான் இஸில்.
"ளாத் எங்களுக்கு மட்டுமே வாய்த்த எழுத்து என்று
பெருமையடிப்போம் நாங்கள்.
நாக்கை எங்கே வைக்கிறாய் நீ?"
மூன்றாம் நாள் அவருக்கு ழ வந்துவிட்டது,
கொஞ்சம் மணலோடு.
ஹாளிர், என்றேன்.

ஓமானின் அந்தக் கடலோர ஊரில்
ஐம்பதுக்குக் கீழே எந்த ஆம்பிளையும்
அவரிடம் ஒருமுறையாவது காதைக் கொடுத்தவன்.
பிராடோவில் வந்திறங்கும் காண்டிராக்டர்கள்
கதவைத் தாண்டியதும்
தம்மை அறியாமல் கை கட்டிக்கொள்வார்கள்.
ஹிலால் கட்டவில்லை.
அன்று கடைசி பெஞ்சு, இன்று ஏழு கிரேன்.
வாதியின் வயிற்றிலேயே
வணிக வளாகம் ஒன்று வரைந்து கொண்டுவந்தான்.
சிவப்பு மையில் சுழித்துத் திருப்பினார்:
"மலையில் பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வரும்?
ஏழாம் வகுப்பிலும் இதைத் தப்பாகத்தான் எழுதினாய்."
நாங்கள் பைல்களுக்குப் பின்னால் சிரித்தோம்.

அந்த வருஷம் மீன் சந்தைக்கு வடிகால் வந்தது.
லேபர் கேம்ப் தெருவுக்கு
முதன்முதலாகக் குப்பை வண்டி வந்தது,
புதன், சனி.

இரண்டாம் வருஷம் என்ன ஆயிற்று என்று
தேதி போட்டு என்னால் சொல்ல முடியாது.
மஸ்கட்டிலிருந்து போன்கள் வந்தன.
மூத்த மகனுக்கு ஹிலாலின் கம்பெனியில் வேலை என்றார்கள்.
பொய்யாகவும் இருக்கலாம்.
சிவப்புப் பேனா தீர்ந்தபோது
பச்சை வாங்கிவரச் சொன்னார்.

ஒரு மதியம்
என் மேஜையில் வரைபடத்தை விரித்துவிட்டு
எதுவும் சொல்லாமல் ஜன்னலுக்குப் போய்
மலையைப் பார்த்தபடி நின்றார்.
ஹிலாலின் விரல் காட்டிய இடத்துக்கு
வாதியின் நீலக் கோட்டை நகர்த்தியது
நான்.
நான்கு மில்லிமீட்டர்.
தரையில் அது எண்பது மீட்டர்.
பத்தாக்கா புதுப்பிக்க நான் கொடுத்த தாள்
அதே மேஜையில், அதே பேப்பர் வெயிட்டின் கீழ் இருந்தது.
சாக்காகச் சொல்லவில்லை.
இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் வருஷம் அக்டோபரில்
வரைபடம் படிக்கத் தெரியாத தண்ணீர்
பழைய வழியிலேயே வந்தது.

தன் பழைய பள்ளிக்கூடத்தில் ஊரைக் கொண்டுவந்து அடைத்து
சேறு ஊறிய திஷ்தாஷாவோடு
விடிய விடியப் பெயர் கூப்பிட்டார் உஸ்தாத்.
ஒருவரைத் தவிர எல்லோரும் பதில் சொன்னார்கள்.
வளாகத்து இரவுக் காவலாளி,
குல்னாக்காரர், மொஃபஸ்ஸல்.
மூன்று முறை கூப்பிட்டார்.
உச்சரிப்பில் பிழையே இல்லை.

கோடு யார் போட்டது என்று கேட்டது விசாரணை.
கையெழுத்து என்னுடையது, என்றார்.
என் பக்கம் திரும்பவும் இல்லை.

இப்போது வேறு முதீர்.
வாசலில் விரல் வைக்கும் மெஷின்.
கோடு நகர்த்திய அதே விரலைத்தான் வைக்கிறேன்.
பச்சை விளக்கு எரிகிறது.

போன வெள்ளிக்கிழமை சூப்பர் மார்க்கெட்டில்
வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.
ஒதுங்கப் பார்த்தேன்.
எழில்வேந்தன், என்றார்.
அந்த ழ, எங்கள் ஊரிலேயே
பாதிப் பேருக்கு வராத ழ.
ஹாளிர் வரவில்லை எனக்கு.
கையில் தக்காளிப் பையோடு
நாலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து
உள்ளேன் ஐயா, என்றேன்.

அவருக்கு அர்த்தம் தெரியாது.
தலையை ஆட்டிவிட்டு
வெங்காயத்தை எடை போட நீட்டினார்.